கீழ்த்திசைத் தளபதி: காஸிம் கராபெகிரும் எரிக்கப்பட்ட நூலும்

துருக்கி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் பெயர் ஒன்றே ஒன்றுதான்: முஸ்தபா கெமால். வெ. சாமிநாத சர்மா 'கமால் அத்தாதுர்க்' என்று தனி நூலே எழுதினார். நம் பாட்டன்மார் தலைமுறை அவரைக் 'கெமால் பாஷா' என்று உரிமையோடு அழைத்தது. அவருடைய பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு நாட்டின் விடுதலை வரலாறு ஒரே மனிதரின் வாழ்க்கை வரலாறாகச் சுருங்கும்போது, அவரோடு தோள்கொடுத்து நின்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. அவர்களில் சிலர் அடிக்குறிப்பாகிறார்கள், சிலர் துரோகியாகிறார்கள், ஒருவர் எழுதிய நூல் அச்சகத்திலிருந்து கைப்பற்றப்பட்டு நெருப்பில் இடப்பட்டது. அந்த ஒருவர்தான் காஸிம் கராபெகிர். உதுமானியப் பேரரசின் கடைசித் தளபதிகளில் ஒருவர். துருக்கிய விடுதலைப் போரின் முதல் வெற்றியை ஈட்டியவர்.

அவருடைய வாழ்க்கையை நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வதற்குக் காரணம் போர்க்களச் சாகசம் மட்டுமன்று. வரலாற்றை எழுதும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்தக் கேள்வி கடைசியில் அவரை நோக்கியே திரும்புகிறது என்பதையும் நாம் பார்க்கப்போகிறோம்.

நொச்சியும் உழிஞையும்

கராபெகிர் 1882இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். தந்தை மெஹ்மெத் எமின் பாஷா ஒரு படை அதிகாரி. தந்தையின் பணியை ஒட்டி வான், ஹார்புத், மெக்கா என்று பேரரசின் ஓரங்களிலேயே சிறுவனின் இளமை கழிந்தது. தந்தை மெக்காவில் இறந்த பின் தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தலைநகருக்குத் திரும்பினார். குலேலி படைப்பள்ளி, ஹார்பியே படைக்கல்லூரி, அதன்பின் தலைமைப் பணியாளர் கல்லூரி என்று படிப்படியாகப் பயின்று 1905இல் தம் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அக்காலத் துருக்கியரிடம் குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை. குடியிருந்த பகுதியின் பெயரால் 'காஸிம் ஸெய்ரெக்' என்றே படையில் அழைக்கப்பட்டார். மூதாதையரின் பெயரான 'கராபெகிர்' என்பதைச் சூட்டிக்கொள்ள 1911இல் அவரே விண்ணப்பித்துப் பெற்றார். குடும்பப் பெயர்ச் சட்டம் வர அப்போது இன்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் இருந்தன.

முதற்பணி மாசிடோனியாவில், மனாஸ்திர் நகரில். பல்கேரிய, கிரேக்க ஆயுதக் குழுக்களைத் துரத்துவதே இளம் அதிகாரிகளின் அன்றாட வேலை. அங்கேதான் என்வருடன் சேர்ந்து ஒற்றுமை முன்னேற்றக் கழகத்தின் மனாஸ்திர் கிளையை அமைத்தார். 1908இல் அரசியலமைப்பை மீட்ட புரட்சியும், 1909இல் அதற்கு எதிராக எழுந்த கலகத்தை அடக்க இஸ்தான்புல்லுக்குள் புகுந்த செயற்படையும் அந்தத் தலைமுறை அதிகாரிகளுக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தன. ஆட்சியைக் கவிழ்க்கவும் காக்கவும் சிப்பாயால் முடியும் என்பதே அது. பின்னாளில் அவர்களுக்குள் மூண்ட பகைக்கெல்லாம் வித்து இந்தப் பாடத்தில்தான் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

புறத்திணை இலக்கணம் மதிலை முற்றுகையிடுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து மதில் காப்பதை நொச்சி என்றும் சொல்லும். தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாக்கியது. தொல்காப்பியர் செய்ததே சரி என்று கராபெகிரின் வாழ்வைப் படிக்கையில் தோன்றும். முற்றுகை என்பது ஒரே துயரத்தின் இரு பக்கங்கள். அந்த இரண்டையும் நான்கே ஆண்டுகளுக்குள் அவர் கண்டார்.

முதலில் நொச்சி. 1912இல் மூண்ட பால்கன் போரில் எதிர்னே நகரம் பல்கேரிய, செர்பியப் படைகளால் சூழப்பட்டது. ஷுக்ரு பாஷாவின் தலைமையில் நகரைக் காத்த பத்தாம் டிவிஷனில் கராபெகிர் பணியாற்றினார். ஏறத்தாழ ஐந்து மாதம் பசியோடும் குளிரோடும் தாக்குப்பிடித்த நகரம் 1913 மார்ச் 26 அன்று வீழ்ந்தது. பல்கேரியாவில் போர்க்கைதியாக இருந்து அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் நாடு திரும்பினார்.

அடுத்தது உழிஞை. உலகப் போரில் 1915இல் கலிப்பொலிக் களத்தின் கெரெவிஸ்தெரேயில் பதினான்காம் டிவிஷனுக்குத் தலைமை தாங்கிப் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற பின், முதிய ஜெர்மானியத் தளபதி வான் டெர் கோல்ட்ஸுடன் மெசபொத்தேமியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே குத் அல் அமாரா நகரில் டவுன்ஷெண்டின் படை முற்றுகைக்குள் சிக்கியிருந்தது. அந்தப் படையின் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பதை நாம் மறக்கலாகாது. உணவு தீர்ந்து குதிரை இறைச்சி பங்கிடப்பட்டபோது அதை உண்ண மறுத்துப் பலர் மெலிந்து மடிந்தனர். 1916 ஏப்ரல் 29 அன்று, 147 நாட்களுக்குப் பின், ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். கோல்ட்ஸ் அதற்குப் பத்து நாள் முன்பே பாக்தாதில் நோயால் இறந்திருந்தார். களத்தின் தலைமை ஹலில் பாஷாவிடம் இருந்தது. கராபெகிர் அங்கே 18ஆம் படைத்தொகுதியின் தளபதியானார். எதிர்னேயில் பசித்திருந்தவர் குத் நகரில் பிறரைப் பசியால் பணியவைக்கும் பக்கத்தில் நின்றார்.

அந்த வெற்றி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1917 பிப்ரவரியில் ஜெனரல் மோட் பெரும்படையோடு டைகிரிஸ் ஆற்றைக் கடந்தார். எண்ணிக்கையில் மிகச் சிறுத்திருந்த 18ஆம் படைத்தொகுதி பின்வாங்கியது. மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது. சண்டையின்போது சிதறாமல் பின்வாங்குவதே படைத்தலைவனுக்கு மிகக் கடினமான கலை என்பார்கள். அக்கலையை அவர் கற்ற இடம் இதுதான்.

பனிமலைகளின் நடுவே

கராபெகிரின் பெயர் என்றைக்கும் பிணைக்கப்பட்டிருப்பது கீழ்த்திசையோடு. 1917இல் ரஷ்யாவில் புரட்சி வெடித்து, ஜார் மன்னரின் படை கலைந்து வீடு திரும்பியதும், கிழக்கு அனத்தோலியாவில் வெற்றிடம் ஒன்று உருவாயிற்று. ஆர்மேனியப் படைப்பிரிவுகள் அதை நிரப்ப முயன்றன. முதலாம் காக்கேசியப் படைத்தொகுதியின் தலைவராகக் கராபெகிர் கடுங்குளிர்காலத்தில் முன்னேறினார். 1918 பிப்ரவரியில் எர்ஸிஞ்சான், மார்ச் 12 அன்று எர்ஸுரும், ஏப்ரல் 25 அன்று கார்ஸ் என நகரங்கள் ஒவ்வொன்றாக அவர் வசமாயின. கார்ஸ் 1878 முதல் நாற்பது ஆண்டுகள் ரஷ்யாவிடம் இருந்த கோட்டை. அவ்வாண்டின் கோடையில் அவர் மிர்லிவா தரத்துக்கு உயர்ந்தார். 'பாஷா' என்ற பட்டமும் அதனோடு வந்தது.

பின்வாங்கிய ஆர்மேனியப் பிரிவுகள் எர்ஸிஞ்சானிலும் எர்ஸுருமிலும் முஸ்லிம் குடிமக்களைக் கொன்றதைக் கராபெகிர் நேரில் கண்டு பதிவு செய்தார். அந்தப் பதிவு உண்மையே. ஆனால் அது நடுவிலிருந்து தொடங்கும் கதை. 1915இல் உதுமானிய அரசு அதே நிலத்தின் ஆர்மேனியரை ஊர் ஊராகப் பிடுங்கியெடுத்துப் பாலைவனத்தை நோக்கி விரட்டியது. வழியிலேயே பல லட்சம் பேர் கொல்லப்பட்டனர். வரலாற்றாய்வாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் அதை இனப்படுகொலை என்றே அழைக்கின்றனர். அந்த ஆண்டில் கராபெகிர் கிழக்கில் பணியாற்றவில்லை. எனினும் அவர் மீட்ட ஊர்கள் எவ்வாறு வெறுமையாயின என்பது அவர் அறியாததன்று.

எர்ஸுருமில் ஒரு வணக்கம்

1918 அக்டோபர் 30இல் முத்ரோஸ் போர்நிறுத்தம் கையெழுத்தானது. வென்ற நாடுகளின் போர்க்கப்பல்கள் பாஸ்பரஸில் நங்கூரமிட்டன. உதுமானியப் படை கலைக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது கட்டளை. தலைநகரில் பதவி தேடிய தளபதிகளுக்குக் குறைவில்லை. கராபெகிரோ தமக்குக் கிழக்கில் ஒரு படை வேண்டும் என்று கேட்டார். எர்ஸுருமைத் தலைமையிடமாகக் கொண்ட 15ஆம் படைத்தொகுதி அவருக்குக் கிடைத்தது. நான்கு டிவிஷன்களைக் கொண்ட அந்தப் படை, நாடெங்கும் படைகள் எலும்புக்கூடாகிவிட்ட நேரத்தில் ஓரளவு சதையோடு எஞ்சியிருந்த ஒன்று. 1919 ஏப்ரல் 19இல் அவர் திராப்ஸோனில் கரையிறங்கினார். மே 3இல் எர்ஸுரும் சேர்ந்தார். கப்பலேறும் முன் இஸ்தான்புல்லில் முஸ்தபா கெமாலைச் சந்தித்து, எதிர்ப்பு இயக்கத்தின் வேர் அனத்தோலியாவில்தான் ஊன்ற வேண்டும் என்று வற்புறுத்தியதாகப் பின்னாளில் எழுதினார்.

ஆயுத ஒப்படைப்பைக் கண்காணிக்க எர்ஸுரும் வந்த ஆங்கிலேயர் கர்னல் ஆல்ஃபிரட் ராலின்சன். இந்தியாவின் தலைமைத் தளபதியாக 1920இல் வந்த ஹென்றி ராலின்சனின் உடன்பிறந்தவர் இவர். கராபெகிர் அவரை மரியாதையோடு வரவேற்றார், விருந்து வைத்தார், ஆயுதங்களை மட்டும் கொடுக்கவில்லை. சாலை சரியில்லை, வண்டி இல்லை, மக்கள் கொந்தளிக்கிறார்கள் என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. 1920இல் இஸ்தான்புல் நேச நாடுகளால் முறைப்படி ஆக்கிரமிக்கப்பட்டதும் அந்த ராலின்சனே எர்ஸுருமில் சிறைவைக்கப்பட்டார். 1921இல்தான், மால்ட்டாவில் அடைக்கப்பட்டிருந்த துருக்கியருக்கு மாற்றாக விடுதலையானார்.

இந்நிலையில்தான் வரலாறு திரும்பிய கணம் வந்தது. 1919 மே 19இல் சாம்சுனில் இறங்கிய முஸ்தபா கெமால் ஜூலைத் தொடக்கத்தில் எர்ஸுரும் வந்து சேர்ந்தார். சுல்தானின் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது; அவரும் படையிலிருந்தே விலகினார். அந்த இரவு அவரிடம் தோள்பட்டைச் சின்னம் இல்லை, ஆணையிட ஒரு சிப்பாய் இல்லை. உடனிருந்த பணி அதிகாரி ஒருவர் கோப்புகளை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டுவிட்டு விலகினார் என்று சொல்வதுண்டு. அப்போது கராபெகிர் குதிரைப்படை வீரர்கள் சூழ வந்தார். கைது செய்யத்தான் வந்திருக்கிறாரோ என்று அறையில் இருந்தவர்கள் அஞ்சினர். அவர் கால்களைச் சேர்த்து நின்று வணக்கம் செலுத்தினார். தாமும் தம் படையும் முன்போலவே அவருடைய ஆணைக்குக் கட்டுப்படுவதாகச் சொன்னார்.

சில நாட்களில் கைது ஆணையே தந்தியில் வந்தது. முஸ்தபா கெமாலையும் ரவுஃப் பேயையும் பிடித்து இஸ்தான்புல்லுக்கு அனுப்ப வேண்டும் என்றது. கெமால் வகித்த ஆய்வாளர் பதவி கராபெகிருக்குத் தரப்படும் என்ற ஆசையும் காட்டப்பட்டது. இரண்டையும் அவர் மறுத்தார். ஜூலை 23இல் கூடிய எர்ஸுரும் மாநாடு அவருடைய படையின் காவலில்தான் நடந்தது. பிற்காலத் துருக்கியின் எல்லையும் இறையாண்மைக் கொள்கையும் முதலில் வரைவு பெற்றது அந்த மாநாட்டில். அந்த வாரங்களில் கராபெகிர் வேறுவிதமாக முடிவெடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பதை அவருடைய எதிரிகளும் மறுத்ததில்லை.

சிப்பாய் ஒருவன் மேலிடத்து ஆணையை மீறுவது எப்போது நேர்மையாகும் என்ற கேள்வியை அவர் தத்துவமாகப் பேசியவரல்லர். ஆணை இட்டவர்கள் அந்நியப் போர்க்கப்பல்களின் நிழலில் இருக்கிறார்கள். ஆகவே அது ஆணையே அன்று என்பதே அவருடைய எளிய கணக்கு. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. படை தன் கையில் இருக்க, தலைமையைத் தானே எடுத்துக்கொள்ளாமல் பிறரிடம் விட்டுக்கொடுத்தார். அதற்கான விலையை அவர் பின்னர் கொடுத்தார்.

கார்ஸ், 1920

1920 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான செவ்ர் ஒப்பந்தம் கிழக்கு மாகாணங்களின் பெரும்பகுதியைப் புதிய ஆர்மேனியக் குடியரசுக்கு வழங்கியது. மேற்கே கிரேக்கப்படை முன்னேறிக்கொண்டிருந்தது. அங்காராவில் ஏப்ரலில் கூடியிருந்த தேசியப் பேரவையிடம் நிலமும் பணமும் குறைவு. கிழக்கு முனைத் தளபதியாக்கப்பட்ட கராபெகிர் தாக்குதலுக்கு அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். சோவியத் ரஷ்யா என்ன செய்யும் என்று தெரியாமல் அங்காரா தயங்கியது. செப்டம்பர் 28இல் படை புறப்பட்டது. மறுநாள் ஸாரிகாமிஷ். அங்கே ஒரு மாதம் நின்று நிதானித்து, அக்டோபர் 30இல் கார்ஸ் கோட்டையைத் தாக்கினார். கருங்கல் கொத்தளங்கள் அடுக்கடுக்காய் நின்ற அந்தக் கோட்டை சில மணி நேரத்தில் விழுந்தது. போரால் சலித்து, பசித்து, நம்பிக்கை இழந்திருந்த ஆர்மேனியப் படை கோட்டைக்குள்ளேயே கலைந்துவிட்டிருந்தது. நவம்பர் 7இல் அலெக்ஸாந்த்ரபோல், அதாவது இன்றைய கியும்ரி, அவர் வசமானது. டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு கடந்து அந்நகரில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. ஆர்மேனியத் தூதுக்குழு கையெழுத்திட்ட வேளையில் அவர்களை அனுப்பிய அரசே இல்லை. யெரெவானில் ஆட்சி அன்றே போல்ஷெவிக்குகளுக்குக் கைமாறியிருந்தது.

துருக்கிய வரலாற்று நூல்களில் இது தேசியப் பேரவை அரசின் முதல் படைவெற்றி, முதல் பன்னாட்டு உடன்படிக்கை. கிழக்கெல்லை அமைதியுற்றதால் படையையும் தளவாடத்தையும் மேற்கே அனுப்ப முடிந்தது. ரஷ்யாவிலிருந்து பொன்னும் துப்பாக்கியும் வந்தன. 1921இன் ஸக்கார்யா வெற்றிக்கும் 1922இன் இறுதி வெற்றிக்கும் அடித்தளம் கார்ஸில் இடப்பட்டது என்பது மிகையன்று.

ஆனால் கார்ஸின் ஆர்மேனியருக்கு அந்த அக்டோபர் வேறொன்று. நகரம் விழுந்த பின் குடிமக்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டு ஓடினர். அலெக்ஸாந்த்ரபோல் பகுதி 1921 ஏப்ரல் வரை துருக்கியப் படையின் பிடியில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கத்தியாலும் பசியாலும் மாண்டவர்கள் பல ஆயிரம். ஆர்மேனிய மொழியின் பெருங்கவிஞர் யெகிஷே சாரெந்த்ஸ் 1897இல் பிறந்தது இந்தக் கார்ஸில்தான். 'நைரி நாடு' என்னும் அவருடைய நாவல் அந்நகரத்தையும் அதன் வீழ்ச்சியையும் பாடுபொருளாகக் கொண்டது. ஓரான் பாமுக்கின் 'பனி' நாவல் நடப்பதும் அதே ஊரில். அந்நாவலின் பக்கங்களில் வந்துபோகும் ஆளற்ற பழைய ஆர்மேனிய வீடுகள் எப்படி ஆளற்றுப்போயின என்று கேட்பவர் 1915க்கும் 1920க்கும் திரும்பிச் செல்ல வேண்டும்.

அதே தளபதிதான் கிழக்கு மாகாணங்களில் போரால் பெற்றோரை இழந்த பல ஆயிரம் பிள்ளைகளைத் திரட்டிப் பள்ளியும் தொழிற்பட்டறையும் அமைத்தார். அவர்களுக்காகப் பாட்டு எழுதினார், நாடகம் எழுதினார், வயலின் வாசித்தார். பிள்ளைகளைச் சீருடையில் அணிவகுக்கச் செய்து 'திடமானவர்களின் படை' என்று பெயரிட்டார். ஒரே மனிதர் இரண்டையும் செய்ய முடியுமா என்று கேட்பது வீண். செய்தார். மனிதரை ஒரே சொல்லில் அடக்கிவிடும் வசதியை வரலாறு நமக்குத் தருவதில்லை.

1921 அக்டோபர் 13இல் கார்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானபோது துருக்கிய அணியின் தலைவர் கராபெகிரே. சோவியத் ரஷ்யாவின் பங்கேற்போடு ஆர்மேனிய, ஜார்ஜிய, அசர்பைஜானிய சோவியத் குடியரசுகள் எதிர்ப்பக்கம் ஒப்பமிட்டன. பாத்தும் துறைமுகம் ஜார்ஜியாவுக்கு. கார்ஸும் அர்தஹானும் துருக்கிக்கு. அன்று வரைந்த கோடுதான் இன்றும் எல்லை.

பேச்சும் பதிலும்

வெற்றி வந்த பிறகுதான் தோழமைக்குச் சோதனை. 1923 அக்டோபர் 29இல் குடியரசு அறிவிக்கப்பட்டபோது கராபெகிர் திராப்ஸோனில் இருந்தார். அவரையோ ரவுஃப் பேயையோ யாரும் கலந்துகொள்ளவில்லை. குடியரசை அவர்கள் எதிர்த்தனரா, ஒருவர் கையில் அது குவிவதை எதிர்த்தனரா என்பது இன்றும் வாதத்துக்குரியது. இரண்டும் கலந்திருந்தன என்றே நமக்குப் படுகிறது. கலிபா பதவி ஒழிப்பு போன்ற மாற்றங்களில் கராபெகிருக்கு இருந்த தயக்கம் மரபுவாதியின் தயக்கம். தனிமனித ஆட்சி பற்றிய அச்சமோ, முப்பதாண்டு அப்துல் ஹமீதின் ஆட்சியைக் கண்டவரின் அச்சம்.

1924 அக்டோபரில் படைப்பதவியைத் துறந்தார். நவம்பர் 17இல் ரவுஃப், அலி ஃபுவாத், ரெஃபெத், அத்னான் ஆகியோருடன் முற்போக்குக் குடியரசுக் கட்சியைத் தொடங்கித் தலைவரானார். புதிய துருக்கியின் முதல் எதிர்க்கட்சி அது. அதன் திட்டத்தில் சமயக் கருத்துகளையும் நம்பிக்கைகளையும் கட்சி மதிக்கும் என்று ஒரு விதி இருந்தது. 1925 பிப்ரவரியில் குர்திய நிலத்தில் ஷேக் சயித் கிளர்ச்சி வெடித்ததும் அந்த ஒரு விதியே குற்றச்சாட்டாயிற்று. மார்ச்சில் ஒழுங்குக் காப்புச் சட்டம் வந்தது. ஜூனில் கட்சி மூடப்பட்டது. அது உயிரோடிருந்தது ஏழு மாதத்துக்கும் குறைவு.

1926 ஜூனில் இஸ்மிரில் முஸ்தபா கெமாலைக் கொல்லத் தீட்டிய சதி வெளிப்பட்டது. கராபெகிரும் தோழர்களும் கைது செய்யப்பட்டு விடுதலை நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். பிரதமர் இஸ்மெத் பழைய நண்பரை விடுவிக்க முயன்றபோது நீதிமன்றம் அவரையே கைது செய்யத் துணிந்தது. சதியில் கராபெகிருக்குப் பங்கு இருந்ததாக எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. விடுதலைப் போரின் தளபதிகள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைப் படை அதிகாரிகள் முகம் சுளித்துப் பார்த்தனர். ஜூலையில் தளபதிகள் விடுவிக்கப்பட்டனர். வேறு பலர் தூக்கிலேறினர். எர்ஸுருமில் யாரைக் கைது செய்ய மறுத்தாரோ அவருடைய ஆட்சியில், ஏழு ஆண்டுகள் கழித்து, உயிர் ஊசலாட நின்றவர் கராபெகிர்.

1927 அக்டோபரில் முஸ்தபா கெமால் தம் கட்சி மாநாட்டில் ஆறு நாட்கள், முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல், உரையாற்றினார். 'நுத்துக்', அதாவது 'பேச்சு', என்ற பெயரில் அது நூலாகித் துருக்கியின் அதிகாரப்பூர்வ வரலாறாகவே நிலைத்தது. அது சாம்சுனில், 1919 மே 19இல் தொடங்குகிறது. பழைய தோழர்கள் அதில் தயங்கியவர்களாகவும் தடையானவர்களாகவும் வருகிறார்கள். கராபெகிர் திராப்ஸோனில் கரையிறங்கியது ஏப்ரல் 19. இடையில் ஒரே ஒரு மாதம். ஒரு வரலாறு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் அது யாருடைய வரலாறு என்பது அடங்கியிருக்கிறது.

படையிலிருந்து ஓய்வு தரப்பட்டு, இஸ்தான்புல்லின் எரென்கோய் வீட்டில் காவலரின் கண்காணிப்பில் இருந்த கராபெகிர் எழுதத் தொடங்கினார். தந்திகள், ஆணைகள், நாட்குறிப்புகள் என்று அனைத்தையும் சேர்த்துவைத்தவர் அவர். 1933இல் நாளேட்டில் எழுந்த ஒரு விவாதத்துக்கு விடையாக 'நம் விடுதலைப் போரின் அடிப்படைகள்' என்ற நூலை அச்சுக்குக் கொடுத்தார். கடைக்கு வருமுன் படிகள் கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டன. வீடு சோதனையிடப்பட்டு ஆவணங்கள் அள்ளிச் செல்லப்பட்டன. அந்நூல் மீண்டும் வெளிவந்தது 1951இல். அவர் இறந்து மூன்றாண்டு கழித்து. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அவருடைய பெருநூல் 'நம் விடுதலைப் போர்' 1960இல் வெளியாகி அதுவும் தடைக்கும் வழக்குக்கும் உள்ளாயிற்று. அந்த வழக்கிலிருந்து அது மீண்டதும் அதே பதிற்றாண்டின் இறுதியில்தான்.

1938 நவம்பரில் அத்தாதுர்க் மறைந்து இஸ்மெத் குடியரசுத் தலைவரானதும் கராபெகிர் மீண்டும் பேரவைக்குள் அழைத்துவரப்பட்டார். 1945இல் சோவியத் ஒன்றியம் கார்ஸையும் அர்தஹானையும் திரும்பக் கேட்டபோது, நீரிணைகள் நாட்டின் தொண்டை என்றால் கார்ஸ் மேட்டுநிலம் அதன் முதுகெலும்பு என்ற கருத்தில் பேரவையில் முழங்கினார். 1946இல் பேரவைத் தலைவரானார். 1948 ஜனவரி 26இல் அப்பதவியிலேயே அங்காராவில் காலமானார்.

எஞ்சும் கேள்வி

கராபெகிரின் நூல்கள் இன்று துருக்கியில் தடையின்றிக் கிடைக்கின்றன. பலமுறை மறுபதிப்பாகியும் இருக்கின்றன. 'பேச்சு' நூலை அவற்றோடு ஒப்புநோக்காமல் அக்காலத்தை எழுத ஆய்வாளர் எவரும் இப்போது துணிவதில்லை. எரிக்கப்பட்ட நூல் வென்றுவிட்டது என்று சொல்லி இக்கட்டுரையை நாம் முடித்துவிடலாம். அது இனிமையான முடிவாகவும் இருக்கும்.

ஆனால் அவ்வளவு எளிதில் முடியவில்லை. கராபெகிர் 'பேச்சு' நூலிடம் கேட்டது ஒன்றே: நாங்களும் அங்கே இருந்தோம், எங்களை ஏன் எழுதவில்லை? நியாயமான கேள்வி. அதே கேள்வியை அவருடைய ஆயிரம் பக்கங்களிடம் கார்ஸின் ஆர்மேனியர் கேட்கிறார்கள். அந்தப் பக்கங்களில் அவர்கள் எதிரிப்படையாக வருகிறார்கள், கொலைகாரராக வருகிறார்கள், உடன்படிக்கையில் ஒப்பமிடும் கைகளாக வருகிறார்கள். வீடு இழந்தவராக, பிள்ளையைப் பறிகொடுத்தவராக வருவது அரிது. தம்மை மறைத்த வரலாற்றோடு பதினைந்து ஆண்டுகள் மல்லாடியவர், தம் வரலாற்றில் பிறரை மறைத்திருப்பதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இதைச் சொல்வதால் அவருடைய போராட்டம் சிறுமைப்படாது என்பதே நம் எண்ணம். ஒருவரின் நூலை எரிப்பது தவறு என்பதற்கு அந்நூல் முழு உண்மையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு பேச்சுக்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலுக்கும் இன்னொரு பதில் வேண்டும். கார்ஸுக்குக் கிழக்கே அர்பாசாய் ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அதன் மேற்குக் கரையில், துருக்கியின் பக்கம், இடைக்கால ஆர்மேனியரின் தலைநகரான ஆனி சிதைந்து கிடக்கிறது. கராபெகிர் ஒப்பமிட்ட கோடு இந்த ஆற்றின் வழியே செல்கிறது. எதிர்க்கரையில் நிற்கும் ஆர்மேனியர் தம் முன்னோர் கட்டிய கோயில்களை அங்கிருந்து கண்ணால் காணலாம். தரைவழி எல்லை 1993இல் மூடப்பட்டது. இரு கரையிலும் இரு வரலாறுகள் எழுதப்படுகின்றன. கராபெகிரைப் படிப்பவர் சாரெந்த்ஸையும் படிக்க வேண்டும். சாரெந்த்ஸைப் படிப்பவர் கராபெகிரையும் படிக்க வேண்டும்.